மேக்பெத் படிக்கத் தொடங்குகிறீர்களா? கதவு தட்டும் சத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள்

மேக்பெத் நாடகத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்துப் படைத்தளபதி ஒருவனிடம் மூன்று சூனியக்காரிகள் ‘நீ அரசனாவாய்’ என்கிறார்கள். மனைவி தூண்டிவிட, தன் கோட்டைக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைத் தூக்கத்தில் குத்திக் கொல்கிறான். அரியணை கிடைக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள நண்பன் பாங்கோவை ஆள் வைத்துக் கொல்கிறான். அப்புறம் மேக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களையும். இவன் மனைவி சித்தம் கலங்கிச் சாகிறாள். கடைசியில் மேக்டஃப் கையால் இவன் தலையும் போகிறது.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டேனே என்று வருத்தப்பட வேண்டாம். இது முடிவுக்காகப் படிக்கும் நாடகம் இல்லை.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டதும் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடுபவர்கள் நிறைய. முதல் தடவை நானும் அப்படித்தான். தேர்வுக்கு ஓர் உரைநூலை மனப்பாடம் செய்தேன், மூலத்தைப் புரட்டக்கூட இல்லை. மதிப்பெண் வந்தது, நாடகம் வரவில்லை. பழமொழிதான் சாரம் என்றால் ஷேக்ஸ்பியர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வரிகளை எழுதியிருக்க வேண்டியதே இல்லை. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். நாடகத்தில் ஐந்து அங்கங்கள். டங்கன் கொலை இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாம் அங்கம் திறக்கும்போது கிரீடம் மேக்பெத்தின் தலையில் இருக்கிறது. ஆசைப்பட்டது கைக்கு வந்த பிறகும் பாதிக்கு மேல் நாடகம் பாக்கி. செய்த காரியம் செய்தவர்களை என்ன செய்கிறது என்பதுதான் அந்தப் பாக்கி முழுவதும். படிக்கும்போது கண் அதன் மேல் இருக்கட்டும்.

முதல் வேலை: ஒரே ஒரு காட்சி, உரக்க

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம் என்பேன். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுங்கள். எழுபது வரிகளுக்குச் சற்று மேல், இரண்டே பாத்திரங்கள், நடு இரவு. கூட ஒருவரை உட்காரவைத்து ஆளுக்கொரு பாத்திரமாக உரக்க வாசியுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு குரலையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

மேக்பெத் கொலையை முடித்துவிட்டு வருகிறான். மேடையில் கொலை காட்டப்படுவதில்லை, இந்தப் பேச்சு மட்டும்தான் காட்டப்படுகிறது. தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘காரியத்தை முடித்துவிட்டேன். ஏதோ சத்தம் கேட்டதே, உனக்குக் கேட்கவில்லையா?’

‘ஆந்தை அலறியது, சுவர்க்கோழி கத்தியது. நீங்கள் ஏதும் பேசினீர்களா?’

‘எப்போது?’

‘இப்போதுதான்.’

‘நான் இறங்கி வரும்போதா?’

‘ஆமாம்.’

கவித்துவமான வரி ஒன்றுகூட இங்கே இல்லை. ஷேக்ஸ்பியரின் செய்யுள் வரி பொதுவாகப் பத்து அசை ஓடும். இங்கே அது துண்டு துண்டாக நொறுங்கிக் கிடக்கிறது. இருட்டில் இரண்டு பேர் ஒருவர் குரலுக்கு ஒருவர் பயந்துகொண்டு நிற்கிறார்கள். உரக்க வாசித்தால் உங்கள் குரலே தானாகத் தணியும். பயம் வார்த்தைகளில் இல்லை, அவற்றுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில் இருக்கிறது.

தொடர்ந்து வாசியுங்கள். பக்கத்து அறையில் படுத்திருந்த இருவர் தூக்கத்திலிருந்து விழித்துப் பிரார்த்தனை சொன்னார்களாம். ‘கடவுள் காக்கட்டும்’ என்று ஒருவன் சொல்ல, மற்றவன் ‘ஆமென்’ என்றானாம். மேக்பெத்துக்கு அந்த ‘ஆமென்’ வரவில்லை, தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏன் வரவில்லை என்று குழந்தை மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிறான். மனைவி சொல்கிறாள்: இதையெல்லாம் இப்படி யோசிக்கக் கூடாது, யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும். யாருக்குப் பிடிக்கப்போகிறது என்பது கதை தெரிந்த நமக்குத் தெரியும். கதையை முதலிலேயே சொன்னதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவன் ரத்தம் தோய்ந்த கத்திகளோடு நிற்கிறான். காவலர்கள் பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டியவை அவை. எல்லாவற்றையும் திட்டமிட்ட லேடி மேக்பெத்துக்கு அவை உடனே கண்ணில் படுவதில்லை. வெகுநேரம் பேசிய பிறகுதான் ‘கத்திகளை ஏன் கொண்டுவந்தீர்கள்?’ என்று கேட்கிறாள். அதுவரை அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்? அவன் முகத்தையா? கதவையா? இப்படி ஒரு கேள்வி உங்களுக்குள் எழுந்துவிட்டால் படிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கத்திகளைத் திரும்ப வைக்க அவன் போக மாட்டேன் என்கிறான், அவளே போகிறாள். அந்த நேரத்தில் கோட்டை வாசலில் யாரோ தட்டுகிறார்கள். அவன் தன் கையைப் பார்த்து, கடல் தேவன் நெப்டியூனின் சமுத்திரம் மொத்தமும் இந்த ரத்தத்தைக் கழுவுமா, இல்லை இந்தக் கைதான் கடல்களையே சிவப்பாக்குமா என்கிறான். அவள் திரும்பி வந்து, ‘கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தக் காரியம் நம்மை விட்டுப் போய்விடும்’ என்கிறாள். சமுத்திரம் ஒரு பக்கம், ஒரு செம்பு தண்ணீர் ஒரு பக்கம். இந்த இரண்டு வரிகளையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

தட்டிக்கொண்டிருப்பவன் மேக்டஃப். பின்னால் இவன் தலையை எடுக்கப்போகிறவனே இப்போது வாசலில் நிற்கிறான்.

இரண்டாவது: பதிப்பும் முழு வாசிப்பும்

அடிக்குறிப்புள்ள பதிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். ஆர்டன், ஆக்ஸ்ஃபோர்ட், நியூ கேம்பிரிட்ஜ், ஃபோல்ஜர் என்று பல இருக்கின்றன. புதியவருக்கு ஃபோல்ஜர் சுலபம், வலப்பக்கம் மூலம், இடப்பக்கம் விளக்கம். அதன் மூலபாடம் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆர்டனில் சில பக்கங்களில் குறிப்பு மூலத்தை விழுங்கிவிடும், இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலத்தை ஒரு பக்கமும் ‘எளிய ஆங்கிலத்தை’ மறுபக்கமும் போட்ட புத்தகங்களில் கண் எளிய பக்கத்துக்கே போய்விடும். முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் மட்டும் அதைத் திறப்பது நல்லது.

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே மிகச் சிறியது இது. இரண்டு அமர்வில் முடித்துவிடலாம். முதல் அமர்வு மூன்றாம் அங்கத்தின் விருந்துக் காட்சி வரை, மிச்சம் அடுத்த நாள். புரியாத சொல்லுக்கெல்லாம் நிற்காதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், அவருக்கு என்ன வேண்டும் என்பது பிடிபட்டால் போதும்.

சில சொற்கள் மட்டும் தெரிந்த முகத்தோடு வந்து ஏமாற்றும். ‘ஓ’ (owe) என்ற வினைச்சொல்லுக்கு இன்று கடன்படுதல் என்று பொருள், இங்கே பல இடங்களில் ‘உடையவனாயிருத்தல்’. ‘அடிஷன்’ என்றால் கூட்டல் இல்லை, பட்டம். சூனியக்காரிகளைக் குறிக்கும் ‘வியர்ட்’ இன்றைய ‘விசித்திரம்’ அல்ல, விதி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ‘தேன்’ என்பது அரசனுக்குக் கீழ் நிலம் ஆளும் தலைவனின் பட்டம், தமிழ்ச் செவிக்கு இனித்தாலும். எனக்குப் பிடித்தது ‘எர்னஸ்ட்’. மேக்பெத்துக்குக் காடர் என்ற ஊரின் பட்டம் கிடைக்கும்போது, இது வரப்போகும் பெரிய மரியாதைக்கு ‘எர்னஸ்ட்’ என்று தூதுவன் சொல்வான். முன்பணம் என்று அர்த்தம். நம் ‘அச்சாரம்’ அப்படியே பொருந்துகிறது. வாங்கிய பட்டத்தை அரசபதவிக்கு அச்சாரமாக அவன் மனசு எடுத்துக்கொள்ளும் அந்த நொடி, தமிழில் யோசித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

யாப்பைப் பற்றியும் கொஞ்சம். பிரபுக்களின் வரி மெலிந்து தொடங்கி அடுத்த அசையில் அழுந்தும்: ‘ஸோ ஃபவுல் அண்ட் ஃபேர் எ டே ஐ ஹாவ் நாட் ஸீன்’. சூனியக்காரிகளின் வரி முதல் அசையிலேயே அடித்துத் தொடங்கும், நீளமும் குறைவு: ‘டபுள், டபுள், டாயில் அண்ட் ட்ரபுள்’. மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னால் வித்தியாசம் உடனே பிடிபடும். முதல் வரி, மேக்பெத் இந்த நாடகத்தில் பேசும் முதல் வரி. ‘இவ்வளவு கெட்டதும் நல்லதுமான நாளை நான் கண்டதில்லை’ என்கிறான். ‘நல்லது கெட்டது, கெட்டது நல்லது’ என்று சூனியக்காரிகள் முதல் காட்சியில் பாடியபோது அவன் அங்கே இல்லை. ஆனாலும் அவர்களுடைய சொற்கள் அவன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. எப்படி என்று நாடகம் சொல்வதில்லை.

வாயில்காவலன் பேச்சும், லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கும் காட்சியும் பெரும்பாலும் உரைநடை. ஒருவன் குடித்திருக்கிறான், இன்னொருத்தி தூங்குகிறாள். தன்னை மறந்தவர்களிடம் யாப்பு நிற்பதில்லை.

மூன்றாவது: ஆசை எங்கே முளைக்கிறது?

முதல் அங்கத்துக்கு இப்போது திரும்புங்கள். ‘சூனியக்காரிகள்தான் காரணமா, மனைவி காரணமா, அவனே காரணமா?’ என்பது எல்லாத் தேர்விலும் வரும் கேள்வி. ஒரே விடை சொல்லிவிட அவசரப்படாமல் ஆதாரங்களை மட்டும் எடுத்து வையுங்கள்.

மேக்பெத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவனைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். ரத்தம் வடிய வந்து நிற்கும் ஒரு படைவீரன், மேக்பெத் எதிரியைத் தொப்புளிலிருந்து தாடை வரை பிளந்த கதையைச் சொல்கிறான். டங்கன் மகிழ்ந்து போகிறான். ஆக, கொல்வதில் கெட்டிக்காரன் என்பதற்காகத்தான் இவனுக்குப் பட்டமே கிடைக்கிறது. இதைக் கவனிக்காமல் ‘நல்லவன் கெட்டுப்போனான்’ என்று எழுதுபவர்கள் அதிகம்.

சூனியக்காரிகள் மூன்று விதமாக வாழ்த்துகிறார்கள். கிளாமிஸ் பட்டம் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. காடர் பட்டத்தை டங்கன் கொடுத்துவிட்டான், அவனுக்குத்தான் இன்னும் சேதி வரவில்லை. மூன்றாவது, அரசன். எப்படி ஆவான் என்று அவர்கள் சொல்லவில்லை. கொல் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்படியிருக்க, கேட்டதும் அவன் திடுக்கிடுகிறான். பக்கத்திலிருந்த பாங்கோ கேட்கிறான்: நல்ல சேதிதானே, ஏன் பயந்தாற்போல் திடுக்கிடுகிறாய்? இது நல்ல கேள்வி. மறைத்து வைத்ததை யாரோ வெளியே எடுத்துக் காட்டினால்தானே அப்படித் திடுக்கிடுவோம்? ஏழாம் காட்சியில் மனைவி சொல்லும் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். இந்த யோசனையை என்னிடம் முதலில் சொன்னவரே நீங்கள்தான், அப்போது நேரமும் இடமும்கூடக் கூடிவரவில்லை என்கிறாள். எப்போது சொன்னான்? மேடைக்கு வராத ஏதோ ஒரு பேச்சு இருந்திருக்கிறது.

நான்காம் காட்சியில் டங்கனைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வரும். துரோகியான பழைய காடரைப் பற்றி, ‘முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க ஒரு வித்தையும் இல்லை, அவனை முழுசாக நம்பியிருந்தேன்’ என்கிறான். வாக்கியம் முடியும் முன்பே உள்ளே வருகிறான் புதிய காடர், அதாவது மேக்பெத். டங்கன் ஓடிப்போய் வரவேற்கிறான். ஒரு நொடிக்கு முன் கற்ற பாடம் அந்த நொடியே மறந்துபோகிறது.

பிறகு ஏழாம் காட்சியின் தனிமொழி. நாடகத்தில் ஒரே ஒரு பேச்சை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். ‘செய்து முடித்தால் அத்தோடு முடிந்துவிடும் என்றால், சீக்கிரம் செய்துவிடுவது நல்லது’ என்று தொடங்குகிறது. ‘அது’ என்கிறான், ‘செய்வது’ என்கிறான், எது என்பதை அந்த முதல் வாக்கியத்தில் சொல்லவே மாட்டேன் என்கிறான். பெயர் வைக்காவிட்டால் பாவம் ஒட்டாது என்பது போல. பிறகு கணக்குப் பார்க்கிறான்: நான் அவனுக்கு உறவினன், அவனுடைய குடிமகன், இப்போது விருந்தோம்புபவன், கொலைகாரன் வராமல் கதவை அடைக்க வேண்டியவனே கத்தியை எடுக்கலாமா? அவன் வேறு நல்லவன். கடைசியில் தன் பக்கம் இருப்பது ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்கிறான், குதிரைமேல் தாவப்போய் அந்தப் பக்கம் விழுந்துவிடுகிற ஆசை. ‘இனி இதில் இறங்க வேண்டாம்’ என்று மனைவியிடம் சொல்லியும் விடுகிறான். அவள் ஒரு காட்சிக்குள் அதை மாற்றிவிடுகிறாள். அவள் சூனியம் எதுவும் செய்யவில்லை, ‘நீ ஆண்பிள்ளைதானா?’ என்று கேட்கிறாள், அவ்வளவுதான். தப்பு என்று தெரியாமல் செய்தவன் அல்ல மேக்பெத். ஒவ்வொரு காரணத்தையும் தானே எடுத்துச்சொல்லிவிட்டுச் செய்தவன். அவனுடைய குற்ற உணர்வு இவ்வளவு ஆழமாகப் போவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

நான்காவது: ஜோடி வரிகளைத் தேடுங்கள்

இரண்டாம் வாசிப்புக்குப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரப் பட்டியல், பண்புப் பட்டியல் எல்லாம் வேண்டாம். ஒரே பொருள் இரண்டு இடத்தில் எப்படி வருகிறது என்று மட்டும் பாருங்கள். ரத்தம், தண்ணீர், தூக்கம், இருட்டு, உடை. உடை பலர் கண்ணுக்குத் தப்பும். காடர் பட்டம் வந்ததும் ‘இரவல் உடையை ஏன் எனக்குப் போர்த்துகிறீர்கள்?’ என்கிறான் மேக்பெத். ஐந்தாம் அங்கத்தில் எதிரிகள் அவனை, ராட்சசனின் அங்கியைத் திருடிப் போட்டுக்கொண்ட குள்ளத் திருடன் என்கிறார்கள். அளவு சரியில்லாத சட்டை ஒன்று நாடகம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, நாம் குறித்துவைத்த தண்ணீருக்கு வருவோம். ‘கொஞ்சம் தண்ணீர் போதும்’ என்றவள் ஐந்தாம் அங்கம் முதல் காட்சியில் தூக்கத்தில் நடந்து வருகிறாள். மருத்துவரும் தோழியும் ஒளிந்து நின்று பார்க்கிறார்கள். தண்ணீரே இல்லாமல் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். கறை போகவில்லை. அரேபியாவின் வாசனைத் தைலம் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையின் நாற்றம் போகாது என்கிறாள். அவன் சமுத்திரம் என்றபோது கோழை என்று ஏளனம் செய்தவள் இப்போது அவனுடைய அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

அந்தக் காட்சியை மட்டும் வைத்து முன்பக்கங்களைப் புரட்டுங்கள். முன்பு ‘கனத்த இரவே வா’ என்று இருட்டைக் கூப்பிட்டவளுக்கு இப்போது பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும், அவளே இட்ட கட்டளை. ‘நடந்தது நடந்துவிட்டது’ என்று கணவனைத் தேற்றியவள், இப்போது ‘நடந்ததை நடக்காததாக்க முடியாது’ என்கிறாள். கிட்டத்தட்ட அதே சொற்கள், எடை மட்டும் வேறு. ‘வாசலில் தட்டுகிறார்கள், படுக்கப் போகலாம், போகலாம்’ என்று சொல்லிக்கொண்டே போகிறாள். யாரும் தட்டவில்லை. கொலை இரவில் கேட்ட அதே சத்தம் அவளுக்குள் இன்னும் ஓயவில்லை. அதோடு அவள் நம் கண்ணிலிருந்து மறைகிறாள். இந்த நாடகம் அவளுக்குச் சொந்தமாக ஒரு பெயர்கூடக் கொடுக்கவில்லை.

மேக்பெத்தின் பாதை எதிர்த்திசையில் போகிறது. கொலை இரவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுங்கியவன், ஐந்தாம் அங்கத்தில் பெண்கள் அலறுவதைக் கேட்டு, பயத்தின் ருசியையே மறந்துவிட்டேன் என்கிறான். அடுத்த வரியில் சேதி வருகிறது, அரசி இறந்துவிட்டாள். அவனால் அழ முடியவில்லை. நாளை, நாளை, நாளை என்று நாட்கள் ஊர்ந்து போவதைப் பற்றிப் பேசுகிறான். முன்பு அவன் அதிகமாக உணர்ந்தான், அவள் எதையும் உணரவில்லை என்று தோன்றியது. இப்போது அவள் உணர்ந்தே செத்துப்போனாள், அவன் மரத்துப்போய் நிற்கிறான். இருவரும் எந்த இடத்தில் இடம் மாறினார்கள் என்று தேடுங்கள். என் கணக்கில் மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சி. பாங்கோவைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, மனைவியைக் கொஞ்சி, ‘உனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் கண்ணே’ என்கிறான். முதல் கொலையில் அவள் பங்காளி, இரண்டாவதில் பார்வையாளர். நீங்கள் வேறு இடத்தைக் காட்டினாலும் தப்பில்லை, வரியைக் காட்ட வேண்டும்.

ஐந்தாவது: வரலாறு, தேவையான அளவுக்கு

பின்னணியில் மூழ்கி நாடகத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. மூன்று விஷயம் போதும்.

உண்மையிலேயே மேக்பெத் என்று ஓர் அரசன் 1040 முதல் 1057 வரை ஸ்காட்லாந்தை ஆண்டான். டங்கனைப் படுக்கையில் கொல்லவில்லை, டங்கன் இறந்தது போரில். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது ஹாலின்ஷெட் தொகுத்த வரலாற்றிலிருந்து. அதில் பாங்கோ இந்தக் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் சந்தேகத்தோடு சும்மா இருப்பவன்.

ஏன் இந்த மாற்றம்? ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸ் 1603-ல் இங்கிலாந்துக்கும் அரசரானார். பாங்கோவின் வம்சம் என்று அவர் பரம்பரை சொல்லிக்கொண்டது. ஷேக்ஸ்பியரின் குழு அந்த அரசரின் பெயரில் இயங்கியது. சூனியத்தைப் பற்றி அவர் 1597-ல் ஒரு புத்தகமே எழுதியவர். காரணம் விளங்கும்.

மூன்றாவது, 1605 நவம்பர் 5. நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. அடுத்த ஆண்டு அது தொடர்பான வழக்கில் ஹென்றி கார்னெட் என்ற பாதிரியார் தண்டிக்கப்பட்டார். பொய் சொல்லாமலே இரண்டு பொருள்படப் பேசி மறைக்கலாம் என்ற அவருடைய கொள்கை ஊர்ப்பேச்சாயிற்று. நாடகமும் ஏறத்தாழ 1606-ஐச் சேர்ந்தது. நரகத்தின் வாசலைக் காப்பதாகப் பாவனை செய்யும் குடிகார வாயில்காவலன், அப்படி இரட்டை நாக்கில் பேசிய ஒருவனை உள்ளே வரச்சொல்லிக் கேலி செய்வது இதனால்தான். அந்தக் கேலி அங்கேயே முடிவதில்லை. ‘பெண் பெற்ற எவனாலும் உனக்கு ஆபத்தில்லை’, ‘பிர்னாம் காடு டன்சினேன் குன்றுக்கு வரும்வரை நீ தோற்கமாட்டாய்’ என்று சூனியக்காரிகள் மூலம் மேக்பெத்துக்குக் கிடைத்த வாக்குகளும் அதே ரகம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை, மொத்தமும் ஏமாற்று. வீரர்கள் கிளைகளை வெட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், காடு நகர்ந்தது. மேக்டஃப் தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட பிள்ளை.

இழுக்கும் இடங்கள்

நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியில் எல்லாருக்கும் கொட்டாவி வரும். டங்கனின் மகன் மால்கம், தான் மகா கெட்டவன் என்று மேக்டஃபிடம் நெடுநேரம் பொய் சொல்லிச் சோதிக்கிறான். முதல் வாசிப்பில் வேகமாகக் கடந்துவிடுங்கள், ஆனால் பாதியில் நில்லுங்கள். குடும்பம் முழுவதும் கொல்லப்பட்ட சேதி மேக்டஃபுக்கு அங்கே வருகிறது. ‘ஆண்பிள்ளையாகத் தாங்கிக்கொள்’ என்கிறான் மால்கம். ‘தாங்கிக்கொள்வேன். ஆண்பிள்ளையாக அதை உணரவும் வேண்டும்’ என்கிறான் மேக்டஃப். முதல் அங்கத்தில் லேடி மேக்பெத் கேட்ட ‘ஆண்பிள்ளைதானா’ என்ற கேள்விக்கு நாடகத்தில் கிடைக்கும் ஒரே நேர்மையான பதில் இது.

ஹெகட்டி என்ற தேவதை வரும் பகுதிகள் சப்பென்று இருந்தால் குற்றம் உங்களுடையது அல்ல. அவை தாமஸ் மிடில்டன் என்ற நாடகாசிரியர் பிறகு சேர்த்தவை என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாடகம் முதலில் அச்சானதே 1623-ல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து.

ஆறாவது: எழுதும்போது

‘மேக்பெத் பேராசை பிடித்தவன். அவன் ஆசை அவனை அழித்தது’ என்று எழுதினால் படிக்காதவர்கூட எழுதியிருக்கலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கொலையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்போது மேக்பெத் அதற்குப் பெயர் சொல்லாமல் “அது” என்கிறான். செய்யும் முன்பே அதைப் பார்க்க மறுக்கிறான். செய்து முடித்த பிறகும் “இன்னொரு முறை அதைப் பார்க்க மாட்டேன்” என்று கத்திகளைத் திரும்ப வைக்க மறுக்கிறான்.’ இரண்டு இடம், ஒரு சின்னச் சொல், அவற்றைச் சேர்க்கும் ஒரு கருத்து. ஒரு பத்திக்கு இது தாராளம்.

உரையாசிரியர் சொன்னதை எடுக்கலாம், முதலில் உங்கள் பத்தியை எழுதிவிட்டு எடுங்கள். லேடி மேக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்பது போன்ற கேள்விகளில் பக்கம் செலவழிக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஆராய்ச்சியைக் கிண்டலடித்து 1933-லேயே ஒரு புகழ்பெற்ற கட்டுரை வந்துவிட்டது.

கடைசியாக ஒரு நாற்காலி

நாடகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பதிவான மேடை நிகழ்ச்சிகளும் திரைப்படங்களும் ஏராளம். முழுதாக ஒன்று பார்த்துவிட்டு, மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியை மட்டும் வேறு இரண்டு தயாரிப்புகளில் பாருங்கள். விருந்து நடக்கிறது. பாங்கோவைக் கொன்றாயிற்று என்ற சேதியை மேக்பெத் கதவோரம் கேட்டுவிட்டு வந்து, உட்கார இடம் தேடுகிறான். ‘மேசை நிறைந்துவிட்டதே’ என்கிறான். ‘இதோ உங்களுக்கு ஒரு இடம் வைத்திருக்கிறோம்’ என்கிறார்கள். அவன் கண்ணுக்கு அங்கே பாங்கோ உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்களுக்கு வெறும் முக்காலி.

ரத்தம் தோய்ந்த நடிகரை அங்கே உட்காரவைப்பதா, காலியாக விடுவதா? உட்காரவைத்தால் நாமும் மேக்பெத்தின் மண்டைக்குள் இருக்கிறோம். காலியாக விட்டால் விருந்தாளிகளோடு சேர்ந்து அவனைப் பைத்தியம் போலப் பார்க்கிறோம். 1611-ல் லண்டனில் குளோப் அரங்கில் நாடகத்தைப் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற மருத்துவர் தன் குறிப்பில், பாங்கோவின் ஆவி வந்து மேக்பெத்தின் நாற்காலியில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்ததை எழுதிவைத்திருக்கிறார். அப்போது உட்காரவைத்திருக்கிறார்கள்.

நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு ஒரு தடவை வாசியுங்கள். அடுத்த தடவை ஒருவரை அதில் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். ‘நான்தான் அதைச் செய்தேன் என்று நீ சொல்ல முடியாது’ என்று மேக்பெத் அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லும் வரி வரும்போது, வாசிப்பவரின் குரல் இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்ததா என்று மற்றவர்களைக் கேளுங்கள்.